கார்டு மாற்றம் பழகுவோருக்கு மெட்ரோனோம்: ஒரு மதிப்புரை

கிட்டார் கற்கத் தொடங்குவோர் வாங்க வேண்டியவை என்று சொல்லப்படும் பொருள்களில் சுருதி சேர்க்கும் டியூனருக்கும் கம்பி மீட்டும் பிக்குக்கும் அடுத்தபடியாக, குறித்த வேகத்தில் சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் இடம்பெறும். அதைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் துல்லியத்தையும், அதில் உள்ள ஒலிகளின் எண்ணிக்கையையும், வடிவழகையும் எடைபோடுகின்றன. அவை ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்களுக்கான அளவுகோல்கள். ஈ மைனர் என்ற கார்டிலிருந்து (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் விரலமைப்பு) சி கார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று விநாடி கரைந்துவிடுகிற ஒருவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. எனவே இந்த மதிப்புரை கார்டு மாற்றத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. இயந்திர மெட்ரோனோம், மின்னணு மெட்ரோனோம், கைப்பேசிச் செயலி ஆகிய மூன்றையும் அந்த ஒரு வேலைக்கு எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்ற அளவிலேயே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மூன்றுமே போதுமானவைதாம், ஆனால் அவற்றை விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் வசதிகளில் பாதிக்கு மேல் தொடக்கநிலையினருக்குத் தேவையில்லாதவை, ஓரிரண்டு கெடுதலும் செய்யக்கூடியவை.

மெட்ரோனோம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதில் தெளிவு வேண்டும். வலக்கையால் கம்பிகளை மேலும் கீழும் மீட்டுவது ஓரளவு விரைவிலேயே கைவந்துவிடுகிறது. இடக்கை அப்படி இல்லை. மூன்று விரல்கள் மூன்று வெவ்வேறு கம்பிகளில், வெவ்வேறு ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்), ஏறத்தாழ ஒரே நொடியில் இறங்க வேண்டும் என்பது கைக்கு முற்றிலும் புதிய வேலை. ஆகவே தொடக்கநிலையில் எல்லோரும் ஒரே விதமாகவே வாசிக்கிறார்கள்: கார்டு பிடித்த நிலையில் விறுவிறுவென மீட்டுகிறார்கள், மாற்றம் வரும் இடத்தில் நின்று விரல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள், அடுக்கி முடித்ததும் மீண்டும் விறுவிறுவென மீட்டுகிறார்கள். கவனம் முழுவதும் விரல்களில் குவிந்திருப்பதால், நடுவில் தாளம் நின்றுபோனது வாசிப்பவரின் காதில் விழுவதே இல்லை. மெட்ரோனோமின் முதல் பயன் இதுதான். தான் வாசிப்பதைப் பதிவு செய்து கேட்காமலேயே, எந்த மாற்றத்தில் எவ்வளவு தாமதம் நேர்கிறது என்பதை அது அந்த இடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இயந்திர மெட்ரோனோமிலிருந்து தொடங்குவோம். கூம்பு வடிவப் பெட்டிக்குள் சுருள்வில்லால் இயங்கும், தலைகீழாக நின்று ஆடும் ஊசல் இது. ஊசலின் கீழ்முனையில் ஒரு நிலையான எடையும் மேல்முனையில் நகர்த்தக்கூடிய ஓர் எடையும் இருக்கும். மேல் எடையை உயர்த்தினால் ஆட்டம் மெதுவாகும், தாழ்த்தினால் விரைவாகும். இந்த அமைப்பை 1814-இல் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கியவர் டீட்ரிக் நிகோலாஸ் விங்கல்; அதனுடன் அளவுகோலைச் சேர்த்து 1815-இல் காப்புரிமை பெற்றவர் யோஹான் மெல்ட்செல். புகழ் பின்னவருக்கே போய்ச் சேர்ந்தது. கண்டுபிடித்தவருக்கு அநீதி நேர்ந்தாலும், அந்த அளவுகோலைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் தொடக்கநிலையினருக்கு இந்தப் பழைய பெட்டி செய்யும் மிகப் பெரிய உதவி அதில்தான் இருக்கிறது.

மரபான அளவுகோல் நிமிடத்துக்கு 40 தட்டில் தொடங்கி 208-இல் முடிகிறது. ஆனால் இடையிலுள்ள எண்கள் சீரான இடைவெளியில் அமைந்தவை அல்ல. 40 முதல் 60 வரை இரண்டிரண்டாகவும், 60 முதல் 72 வரை மும்மூன்றாகவும், 72 முதல் 120 வரை நான்கு நான்காகவும், 120 முதல் 144 வரை ஆறாறாகவும், அதற்கு மேல் எட்டெட்டாகவும் அவை ஏறுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறத்தாழ 3 முதல் 6 சதவீதம் மட்டுமே விரைவு என்பது தெரியும். மெதுவான பகுதியில் இரண்டு தட்டு கூடுவது கைக்குத் தெரியும். விரைவான பகுதியில் அதே இரண்டு தட்டு கூடினால் காதுக்குக்கூடத் தெரியாது. அதனால் இந்தப் படிகள் உடலின் உணர்வோடு ஒத்துப்போகின்றன. 60-இல் சுத்தமாக வந்த மாற்றத்தை 63-க்கு நகர்த்தும்போது விரல்கள் திகைப்பதில்லை. அதைவிட்டு, 60-இல் வந்துவிட்டது, இனி 80-இல் பார்க்கலாம் என்று தாவுகிற ஆசை எல்லோருக்கும் வருவது. அந்தத் தாவல் மூன்றில் ஒரு பங்கு வேகத்தை ஒரே அடியில் கூட்டுகிறது என்பதை நினைத்தால் விரல்கள் ஏன் மறுக்கின்றன என்பது விளங்கும். மின்னணு மெட்ரோனோம்களில் பல, ஒவ்வொரு எண்ணாக ஏற்றும் முறையோடு இந்தப் பழைய படிமுறையையும் வைத்திருக்கின்றன. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்ப்பது வீண்போகாது.

இயந்திர மெட்ரோனோமின் குறைகளும் வெளிப்படையானவை. சமதளத்தில் வைக்காவிட்டால் இரு தட்டுகளுக்கு இடையேயான இடைவெளிகள் ஏற்றத்தாழ்வாகி, நொண்டி நடப்பது போன்ற ஒலி வரும். அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டும். மூன்று வகைகளில் விலை கூடியதும் பொதுவாக இதுதான். ஊசல் ஆடுவதைக் கண்ணால் பார்த்தே அடுத்த தட்டு எப்போது வரும் என்று முன்கூட்டி உணரலாம் என்பதை இதன் சிறப்பாகச் சொல்வார்கள். பியானோ வாசிப்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். கார்டு மாற்றம் பழகுபவரின் கண் கிட்டாரின் கழுத்தை விட்டு அகலாது. ஊசலைப் பார்க்கத் திரும்பினால் விரல் தவறான கம்பியில் இறங்கும்.

இதே காரணத்தால்தான் கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும், டியூனரும் மெட்ரோனோமும் சேர்ந்த சிறு கருவிகளில் ஒலி எழுப்பாமல் விளக்கை மட்டும் மினுக்குபவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுருதி சேர்ப்பதற்கு அவை மிக நல்லவை. தாளத்துக்கு வரும்போது, கண்ணுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கும் நேரத்தில் அதே கண்ணிடம் இன்னொரு வேலையைக் கொடுக்கின்றன. ஒலிக்கும் தனி மின்னணுக் கருவி இதைவிட எவ்வளவோ மேல். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஒலியின் உரப்பு, முதல் தட்டுக்குத் தனி ஒலி கொடுக்கும் வசதி. உருக்குக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் மீட்டும்போது மெல்லிய டிக் ஒலி அப்படியே அமுங்கிப்போகும். ஆகவே காதொலிப்பான் செருகும் துளை இருப்பது நல்லது. அதிலும் ஒரு காதில் மட்டும் பொருத்திக்கொண்டு மறு காதைக் கிட்டாருக்கு விட்டுவிட வேண்டும். கம்பி சரியாக அழுந்தாமல் கரகரப்பது கேட்காவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும்.

முதல் தட்டுக்குத் தனி ஒலி ஏன் முக்கியம் என்பதைச் சொல்லும்போதுதான் கார்டு மாற்றத்தின் மையத்துக்கு வருகிறோம். பெரும்பாலான எளிய பாடல்களில் ஒரு கார்டு நான்கு தட்டு நீடிக்கும். புதிய கார்டு அடுத்த சுற்றின் முதல் தட்டில் ஒலிக்க வேண்டும். வாசிப்பவருக்கு அந்த முதல் தட்டுதான் கெடு. நான்கு தட்டுகளும் ஒரே மாதிரி ஒலித்தால், விரல்களோடு போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எத்தனையாவது தட்டில் இருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. முதல் தட்டு மணியோசையாகவோ உயர்ந்த ஒலியாகவோ வந்தால், எண்ணும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்கிறது. இந்த ஒரு வசதி இல்லாத மெட்ரோனோமை வேறு எத்தனை வசதி இருந்தாலும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். இயந்திர வகையிலும் மணி உள்ளவை உண்டு, இல்லாதவையும் உண்டு.

இப்போது வேகத்தைப் பற்றி. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு விநாடி. 40 தட்டு என்றால் ஒன்றரை விநாடி. கார்டு மாற்றத்துக்கு மூன்று, நான்கு விநாடி எடுத்துக்கொள்கிறவருக்கு 40 தட்டும் வேகமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அதனால்தான் பல செயலிகள் நிமிடத்துக்கு 20 தட்டு, 10 தட்டு வரை இறங்குவதை ஒரு சிறப்பாக விளம்பரப்படுத்துகின்றன. இது தேவையில்லாத சிறப்பு. தட்டுகளுக்கு இடையே அவ்வளவு நீண்ட இடைவெளி விழுந்தால் அடுத்தது எப்போது வரும் என்பதை மனம் கணிக்க முடியாமல் போகிறது. வாசிப்பவர் தாளத்தோடு நடக்காமல், ஒலி வரும் வரை காத்திருந்து பிறகு பதறி மீட்டுகிறார். அவ்வளவு மெதுவாகப் பழக விரும்புபவர் கருவியை 60-இலோ 80-இலோ வைத்துவிட்டு, ஒரு கார்டுக்குக் கூடுதல் தட்டுகளை ஒதுக்கிக்கொள்வதே சரி.

அதைச் செய்யும் விதம் எளிது. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஏ மைனர் கார்டைப் பிடித்து முதல் தட்டில் ஒரே ஒரு முறை மேலிருந்து கீழாக மீட்டுங்கள். இரண்டு, மூன்று, நான்கு ஆகிய தட்டுகளில் வலக்கை சும்மா இருக்கட்டும். அந்த நேரத்தில் இடக்கை சி கார்டுக்கு நகர்ந்து, அடுத்த முதல் தட்டில் சி ஒலிக்க வேண்டும். ஒரு மீட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே முழுதாக நான்கு விநாடி கிடைக்கிறது. இது தடங்கலில்லாமல் வரத் தொடங்கிய பிறகு, வேகத்தைத் தொடாமல், முதல் இரண்டு தட்டுகளிலும் மீட்டுங்கள். இப்போது மாற்றத்துக்கு மூன்று விநாடி. பிறகு மூன்று தட்டுகளில் மீட்டினால் இரண்டு விநாடி. நான்கிலும் மீட்டினால் ஒரே விநாடி. மெட்ரோனோமின் எண் 60-லேயே நிற்க, விரல்களுக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வேகத்தைக் கூட்டுவதற்கு முன் இந்தச் சுருக்கத்தை முழுவதும் நடத்தி முடிப்பதுதான் இக்கருவியிலிருந்து கிடைக்கும் மிகப் பெரிய ஆதாயம் என்று கருதுகிறேன். வாரக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்பது சலிப்பாகத் தோன்றலாம்; ஆனால் காதில் விழும் தாளம் மாறாமல் இருப்பதால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு விரலில் மட்டுமே தெரிகிறது. முன்னேற்றத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய போட்டியாளர் ஒன்று உண்டு. அதற்கு மெட்ரோனோமே வேண்டியதில்லை, நேரம் காட்டும் எந்தக் கருவியும் போதும். ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ தம் இலவச இணையப் பாடங்களில் பரப்பிய ஒரு நிமிடப் பயிற்சியைச் சொல்கிறேன். இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை முறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற முடிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வதுதான் அந்தப் பயிற்சி. தொடங்குவதற்கு இதைவிட எளிதான வழி கிடையாது. எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் மனம் சோர்வதில்லை. ஆனால் அந்த எண் ஒரு சராசரி. நிமிடத்துக்கு 30 மாற்றம் என்றால் ஒரு மாற்றத்துக்கு இரண்டு விநாடி என்று கணக்கு வருகிறது. உண்மையில் சில மாற்றங்கள் அரை விநாடியிலும் சில நான்கு விநாடியிலும் நடந்திருக்கலாம். பாட்டு சராசரியை ஏற்றுக்கொள்வதில்லை. தாமதமான அந்த ஒரு மாற்றத்தில்தான் கேட்பவர் முகம் சுளிப்பார். எண்ணை உயர்த்தும் அவசரத்தில் விரல்கள் அரைகுறையாக அழுந்துவதும் உண்டு. ஆகவே புதிய ஜோடியொன்றைக் கைக்கு அறிமுகப்படுத்த நிமிடப் பயிற்சியும், அதைப் பாட்டுக்கு ஏற்றதாக்க மெட்ரோனோமும் என்று பிரித்துக்கொள்வது பொருத்தம்.

இரண்டுக்கும் முந்திய ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மெட்ரோனோமை அணைத்தே வைக்க வேண்டும். கார்டின் வடிவம் இன்னும் கையில் பதியாத நிலையில் டிக் ஒலி ஓடினால், வாசிப்பவர் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறார், தோளைத் தூக்குகிறார், மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அந்த இறுக்கமும் பயிற்சியோடு சேர்ந்தே பதிந்துவிடும். இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது, எந்த விரல் நகரவே தேவையில்லை, எது மிகக் குறைவாக நகர்ந்தால் போதும் என்பதைப் பொறுமையாகக் கண்டுபிடிப்பது. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியின் (மிக மெல்லிய கம்பியே முதலாவது) இரண்டாம் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போகிறது. மூன்று விரல்களையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்குபவர் மும்மடங்கு வேலை செய்கிறார். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போவதும் அப்படியே: மூன்று விரல்களும் தங்கள் அமைப்பு மாறாமல் மெல்லிய கம்பிகளின் பக்கம் ஒரு கம்பி தள்ளி இறங்கினால் வேலை முடிந்தது. ஏ கார்டில் மூன்றாம் கம்பிக்கு ஆள்காட்டி விரலை வைத்துப் பிடிப்பவர்கள் டி கார்டுக்கு மாறும்போது அந்த விரலை எடுக்கவே வேண்டியதில்லை.

ஜி-யிலிருந்து சி-க்குப் போவது இவ்வளவு கருணை காட்டுவதில்லை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களால் ஜி பிடிப்பவருக்கு மூன்று விரல்களும் மூன்று திசைகளில் போக வேண்டியிருக்கிறது. ஆறாம் கம்பிக்கு மோதிர விரலும் ஐந்தாம் கம்பிக்கு நடுவிரலும் முதல் கம்பிக்குச் சுண்டு விரலும் வைத்து ஜி பிடித்தால், மோதிர விரலும் நடுவிரலும் ஒன்றாகவே ஒரு கம்பி தள்ளிச் சி-யில் உட்காருகின்றன; சுண்டு விரல் எழ, ஆள்காட்டி விரல் இறங்குகிறது. சுண்டு விரலின் வலுவின்மையால் தொடக்கத்தில் இது கடினமாகத்தான் இருக்கும். ஆயினும் மாற்றத்தின் பாதை குறுகிவிடுவதால் உழைப்புக்குத் தகுந்த பலன் உண்டு. இத்தகைய முடிவுகளை எடுப்பதில் எந்த மெட்ரோனோமும் உதவாது. ஒலியில்லாத அமைதியில், விரல்களை ஃபிரெட்டிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கி இறக்கிப் பார்த்து, கம்பியை ஃபிரெட்டுக்கு மிக அருகில் அழுத்தினால் எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்பதைக் கையே கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று விரல்களும் ஒன்றாக இறங்கத் தொடங்கிய பிறகு கருவியை இயக்கினால் போதும்.

கைப்பேசிச் செயலிகளுக்கு வருகிறேன். பணம் செலவழிக்காமல் கிடைப்பவற்றிலேயே வேகம், தட்டுகளின் எண்ணிக்கை, முதல் தட்டின் ஒலி ஆகிய அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம். உரப்புக் குறைவு, நடுவில் வந்து விழும் அழைப்புகள், அறிவிப்புகள் ஆகியவையே இவற்றின் தொல்லைகள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் பின்னவை தீரும். ப்ளூடூத் காதொலிப்பானில் ஒலி சிறிது தாமதமாக வந்து சேரும் என்பதைச் சிலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எல்லாத் தட்டுகளும் ஒரே அளவு தாமதமாக வருவதால் காதில் விழும் தாளம் பாதிக்கப்படுவதில்லை. திரையில் மின்னும் விளக்கும் ஒலியும் பொருந்தாமல் தெரிவது மட்டுமே உறுத்தும், அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அதிர்வால் தாளம் உணர்த்தும் கருவிகளும் உள்ளன. மேடையில் வாசிப்பவர்களுக்கு அவை பொருந்தும்.

செயலிகளில் எனக்கு ஒப்புதல் இல்லாத வசதி, தானாக வேகம் கூட்டும் ஏற்பாடு. குறிப்பிட்ட சுற்றுகள் முடிந்ததும் ஐந்து தட்டு ஏற்று என்று ஒருமுறை அமைத்துவிட்டால், அது சொன்னபடி ஏற்றிக்கொண்டே போகும். இரண்டாம் கம்பி ஒலிக்காமல் செத்துப்போனதா, மோதிர விரல் பிந்தி இறங்கியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரே வடிவத்தை விரைவாக வாசிக்கும் பயிற்சியில் தேர்ந்தவர்களுக்கு இது பயன்படலாம். கார்டு மாற்றத்தில், பொறுமையாகப் பழக வேண்டிய ஒருவரின் கையிலிருந்து பொறுமையைப் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடாகவே இதைப் பார்க்கிறேன். எண்ணைக் கையால் மாற்ற வேண்டியிருப்பது ஒரு நல்ல தடை. அடுத்த படிக்குப் போகலாமா என்று ஒவ்வொரு முறையும் நம்மை நாமே கேட்க வைக்கிறது. சில நாள்களில் விடை, இரண்டு படி இறங்கு என்பதாக இருக்கும்.

ஒரே ஜோடியை எவ்வளவு நேரம் அரைப்பது என்பதிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏ மைனர், சி இரண்டையும் மட்டும் கால்மணி நேரம் மாற்றிக்கொண்டேயிருந்தால் அந்தப் பயிற்சியின் முடிவில் மிக நன்றாக வரும். மறுநாள் பாதி காணாமல் போயிருக்கும். உடல் அசைவுகளைக் கற்பது குறித்து ஷியா, மார்கன் இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கை அசைவுகள் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது சிறப்பாகச் செய்தார்கள்; கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது பின்தங்கினாலும், பிறகு சோதித்தபோது அதிகம் தக்கவைத்திருந்தார்கள். கிட்டாரைப் பற்றிய ஆய்வு அல்ல அது. எனினும் மெட்ரோனோமை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஜோடிக்கு இரண்டு மூன்று நிமிடம், பிறகு வேறொன்று, மீண்டும் முதலாவது என்று சுழற்றுவது எனக்கு அறிவுக்கு உகந்ததாகவே படுகிறது. விரல்நுனிகளுக்கும் இது இதம். உருக்குக் கம்பியில் புதிதாகப் பழகுபவரின் நுனித்தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நீண்ட அமர்வுகளைவிட, நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் என்பதே தாங்கும்.

நான்கு தட்டிலும் மீட்டிக்கொண்டு மாறும் நிலை வந்த பிறகு, கீழும் மேலுமாக எட்டு முறை மீட்டத் தொடங்கும்போது பலர் திடீரென மீண்டும் தடுமாறுகிறார்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 80 தட்டு வேகத்தில் தட்டுக்கொரு மீட்டல் என்றால் இடைவெளி 0.75 விநாடி, அதே வேகத்தில் தட்டுக்கு இரண்டு மீட்டல் என்றால் 0.375 விநாடி. மெட்ரோனோம் காட்டும் எண் மாறாதபோதும் அவகாசம் பாதியாகிவிட்டது. தேர்ந்தவர்கள் இங்கே ஓர் உத்தியைக் கையாளுகிறார்கள்: எட்டாவது மீட்டலின்போது விரல்கள் ஏற்கெனவே கம்பியை விட்டு எழுந்திருக்கும், அந்த ஒரு மேல்மீட்டல் வெறுங்கம்பிகளில் ஒலித்துவிட்டுப் போகும். அடுத்த முதல் தட்டில் புதிய கார்டு சரியாக விழுந்துவிட்டால், கேட்பவர் அதைப் பிழையாக உணர்வதில்லை. முதல் தட்டைக் காப்பாற்ற அதற்கு முந்திய அரைத்தட்டைத் தியாகம் செய்யலாம் என்பதை மெட்ரோனோமோடு பழகும்போது கை தானாகவே ஏற்றுக்கொள்கிறது. தனியே பழகுபவர் எதிர்த்திசையில் போய்விடுவது வழக்கம்: பழைய கார்டின் கடைசி ஒலி வரை பிடித்திருந்து, புதிய கார்டைத் தாமதப்படுத்துவார்.

எஃப் கார்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் அந்த வடிவத்தில் முதற்சிக்கல் அழுத்தமும் விரலின் கோணமும்தான். கம்பிகள் கழுத்திலிருந்து அளவுக்கு மேல் உயர்ந்திருக்கும் கிட்டாராக இருந்தால் அது இன்னும் கூடும். மாற்றம் எதுவுமின்றி அந்தக் கார்டை மட்டும் பிடித்திருக்கும்போதே ஆறு கம்பியும் தெளிவாக ஒலிக்காத வரை மெட்ரோனோமால் எந்த உதவியும் இல்லை.

எதை வாங்கலாம் என்றால், கைப்பேசி வைத்திருப்பவர் முதல் சில மாதங்களுக்கு எதையுமே வாங்க வேண்டாம். முதல் தட்டைத் தனியாக ஒலிக்கும் எளிய செயலி ஒன்றே போதும். கைப்பேசியைக் கையிலெடுத்தால் கவனம் சிதறும் என்று தம்மை அறிந்தவர்கள், உரத்த ஒலியும் காதொலிப்பான் துளையும் பழைய படிமுறையும் உள்ள தனி மின்னணுக் கருவியை வாங்கலாம். இயந்திர மெட்ரோனோமை விரும்பி வாங்குபவரைத் தடுக்க மாட்டேன். அதன் மர ஒலி காதை உறுத்தாது, சாவி தீர்ந்து நிற்கும்போது கைக்கும் ஓய்வு கிடைக்கும். செயலிகளுக்கே உரிய ஒரு வசதி மட்டும் பிற்காலத்தில் அவரை ஏங்க வைக்கலாம். சில செயலிகளில் இரண்டு சுற்றுக்கு ஒலி, அடுத்த இரண்டு சுற்றுக்கு மௌனம் என்று அமைத்துக்கொள்ள முடியும். மௌனத்துக்குள் இரண்டு மாற்றங்களைச் செய்து முடித்து, ஒலி திரும்பி வரும்போது முதல் தட்டில் சரியாகச் சந்திக்க முடிகிறதா என்று பார்ப்பது கடினமான சோதனை. அந்த மௌனத்தில் பெரும்பாலோர் முந்தி வந்து நிற்பார்கள். எளிதான ஏ மைனர், சி ஜோடியில் முந்துபவர்களே ஜி, சி ஜோடியில் பிந்துவதும் உண்டு. எந்த ஜோடி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டால், மறுநாள் எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிராது.